இரண்டாம் நீச்சல்

அவரைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் எல்லாரும் இன்னும் நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில்தான் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் சாயங்காலத்துக்குள் மூன்று வாட்ஸப் குழுக்களில் அவருடைய படத்தோடு சுற்றும். அவர் அதைப் பொருட்படுத்த மாட்டார். நான் பொருட்படுத்துவேன்.

அவர் வீட்டு மாடியறையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தேன். பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து மருந்து நிறுவனம் ஒன்றில் புள்ளியியல் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம். அவருக்கு நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயது இருக்கும். சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். எம்.சி.ஏ. படித்தவர். கணவருக்கு டெக்சாஸில், பிளானோவில் ப்ராஜெக்ட். திங்கட்கிழமை காலை விமானம் ஏறினால் வியாழன் ராத்திரிதான் திரும்புவார். நான் அவரை ஆன்ட்டி என்பேன். அவர் என்னை அம்மிணி என்பார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வார். அவ்வளவுதான் அவரிடம் இருந்த விசேஷம். முனகலாக இல்லை, சிரித்து மழுப்பி இல்லை, கூட்டத்தின் நடுவில், எல்லார் காதிலும் விழும்படி. சொன்ன கையோடு கேள்வியும் கேட்பார்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு புதுமனை புகுவிழா. வீட்டுக்காரர் எல்லாரையும் வரிசையாக அழைத்துப்போய் வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். "ஹீட் பம்ப் போட்ருக்கோம்" என்றார். எல்லாரும் "ஓ, சூப்பர்" என்றார்கள். நானும்தான்.

"ஹீட் பம்ப்னா என்னங்க? எனக்குத் தெரியாது" என்றார் ஆன்ட்டி.

"அதுவா... அது வந்து லேட்டஸ்ட் டெக்னாலஜி, சிஸ்டர்."

"சரிங்க. அது என்ன பண்ணும்?"

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி கேசரித் தட்டைப் பார்த்தார். ஒன்பது என்ஜினியர்கள் நின்ற அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. திரும்பி வரும்போது காரில் நான் சொன்னேன், "விட்ருக்கலாம் ஆன்ட்டி. பாவம், அவருக்கே தெரியல."

"அட, தெரியாதுன்னு சொல்லியிருந்தா நானும் அவரும் சேர்ந்தே கூகிள் பண்ணியிருப்போமே அம்மிணி."

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அம்மா இன்றும் கைநாட்டு. தெரியாது என்று ஒரு தடவை சொன்னால் போதும், இவள் எங்கிருந்து வந்தவள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில், மீட்டிங்குகளில் தலையாட்டிவிட்டு அறைக்கு வந்து தேடிப் படிப்பேன். என் படிப்பைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. இன்றும் உண்டு. அதனாலேயே ஆரம்பத்தில் அவரைக் கண்டால் எனக்கு எரிச்சல் வந்தது. எம்.சி.ஏ. படித்தவர் இப்படியா மானத்தை வாங்குவார்?

அவரை வேறு மாதிரி பார்க்க வைத்தது ஒரு போன் கால். பதினோரு வருடம் அவருடைய விசா அவரை வேலைக்குப் போக விடவில்லை. அனுமதி வந்ததும் ஒரு கன்சல்டன்சிக்காரர் அழைத்தார். ரெஸ்யூமேயில் ஆறு வருட அனுபவம் என்று போட்டுக்கொள்ளலாம், இன்டர்வியூவுக்கான பதில்களைத் தாங்களே தருவோம் என்றார். ஆன்ட்டி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆறு வருசமும் நான் வீட்லதானுங்க இருந்தேன்."

"மேடம், எல்லாரும் பண்றதுதான்."

"வேலைல சேர்ந்தப்பறம் தெரியாதுன்னு சொல்லோணும்னா என்ன பண்றது?"

"சொல்லக் கூடாது மேடம். மேனேஜ் பண்ணணும்."

"அப்ப வேண்டாமுங்க" என்று கத்தியைக் கீழே வைக்காமலே விரலால் போனை அணைத்தார். அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு விண்ணப்பித்த ஏழெட்டும் கிடைக்கவில்லை. உண்மை பேசியதற்குப் பரிசாக வேறொரு நல்ல வேலை வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை.

நாய்தான் வந்தது.

அதுவும் அவர் கணவரின், அங்கிளின் ஆசை. பிளானோவில் அலுவலக நண்பர்களோடு ஒரு தடவை காடை வேட்டைக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு நாய் ஒற்றைக் காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, புதருக்கு முன்னால் சிலையாக நின்றதைப் பார்த்து மயங்கி, பென்சில்வேனியாவில் அந்த ஜாதியை வளர்க்கும் ஒரு பெண்மணியிடம் குட்டிக்குச் சொல்லிவைத்துவிட்டார். ஜெர்மன் ஜாதி. கம்பி மாதிரி மயிர், மோவாயில் தாடி, மூக்குக்கு மேல் மீசை. குட்டி வந்து இறங்கியது நியூ ஜெர்சியில். அங்கிள் வாரத்தில் நான்கு நாள் இருப்பதோ டெக்சாஸில். மீசையைப் பார்த்து ஆன்ட்டி அதற்கு மாப்ளை என்று பெயர் வைத்தார். அவர் ஊர் வழக்கப்படி மரியாதையும் கொடுத்தார். "வாங்க மாப்ளை, சாப்புடுங்க மாப்ளை."

குட்டியோடு ஐந்து பக்க ஒப்பந்தம் ஒன்றும் வந்திருந்தது. அங்கிள் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். ஆன்ட்டி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தார். நான்காவது பக்கத்தில் இருந்தது அந்த விஷயம். வேட்டை நாய்களுக்கான திறன் தேர்வில், பிறந்து பதினாறு மாதம் முடிவதற்குள் இந்த நாய் தேற வேண்டும். தேறாவிட்டால் வளர்ப்பாளர் திரும்ப எடுத்துக்கொள்வார். வேலைக்கென்று பிறந்த ஜாதி, சோபாவில் தூங்குவதற்கு இல்லை என்று ஒரு விளக்கமும் போட்டிருந்தது.

"நியாயந்தான்" என்றார் ஆன்ட்டி. "வேலை தெரிஞ்சதை வீட்ல கட்டிப்போடக் கூடாது." பிறகு மடியில் தூங்கிய குட்டியைப் பார்த்தார். "ஆனா இவரைத் திருப்பித் தர மாட்டேன். வேட்டைன்னா என்ன அம்மிணி? எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

"எனக்கு எப்படித் தெரியும் ஆன்ட்டி?"

"பாரு, உனக்கும் சொல்ல வருது."

தேர்வுக்குப் பழக்கும் கிளப் ஒன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கூடியது. கார் ஓட்டி ஒன்றரை மணி நேரம். முதல் நாளிலிருந்தே நான் துணைக்குப் போனேன். அன்று பிக்கப் டிரக்குகள் வரிசையாக நின்றன. தாடிக்காரர்கள், காக்கித் தொப்பிகள், துப்பாக்கி உறைகள். நடுவில் ஆன்ட்டி, சுடிதாரும் ஸ்வெட்டரும் ஸ்னீக்கருமாக, கையில் இரண்டு ரூல் நோட்டுப் புத்தகங்களோடு. எனக்குக் காரைவிட்டு இறங்கவே கூச்சமாக இருந்தது. அவர் நேராக நடுவில் போய் நின்றார். "எனக்கு ஒன்றுமே தெரியாது. பூஜ்யத்திலிருந்து சொல்லுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

யாரோ சிரித்தார்கள். அவர் நோட்டைத் திறந்தார்.

அன்று அவர் எழுதிக்கொண்டது இது. தேர்வில் நான்கு பகுதிகள். வயலில் காடைகளைத் தேடி, கண்டதும் பாயாமல் நின்று காட்ட வேண்டும். புல்லில் ஓடிப்போன ஒரு பறவையின் தடத்தை மூக்காலேயே பிடித்துக்கொண்டு போக வேண்டும். துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரளக் கூடாது. கடைசியாக, குளத்தில் எறியும் ரப்பர் கட்டையை நோக்கி நீந்த வேண்டும், ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. ஒரு தடவை தற்செயலாகக்கூட இறங்கியிருக்கலாம், இரண்டாவது தடவைதான் நாயின் மனசைக் காட்டும் என்று காரணம் சொன்னார்கள். மூன்று நடுவர்கள். பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண். ஏன் ஐந்து இல்லை என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

துப்பாக்கிக்கு நாய் பழகிவிட்டது. ஆன்ட்டிக்குத்தான் பழகவில்லை. தூரத்தில் ஒருவர் சுடுவார், மாப்ளை காதை மட்டும் அசைத்துவிட்டுப் புல்லை மோந்துகொண்டே போகும். இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். "நாய் தேறிவிட்டது மேடம், நீங்கள்தான் இன்னும் தேறவில்லை" என்று அவர்கள் கேலி செய்தார்கள். "எத்தனை தடவை சுட்டால் நான் தேறுவேன்?" என்று பதிலுக்குக் கேட்டார். நவம்பருக்குள் அந்தத் தாடிக்காரர்கள் "வாங்க மாப்லே!" என்று கத்தக் கற்றுக்கொண்டார்கள்.

ஊர்தான் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை வீட்டில் விருந்து. ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்த ஒரு விருந்தாளிப் பெண் வீல் என்று அலறினார். மோப்பப் பயிற்சிக்காகக் கிளப்பில் கொடுத்த செத்த புறா, ஜிப் கவரில், பரோட்டா பாக்கெட்டுக்கு மேலே படுத்திருந்தது.

"அது புறாங்க. ஐஸ் கீழ் டப்பால இருக்கு" என்றார் எங்கள் ஆன்ட்டி, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது விருந்துக்கு வந்த ஒரு அங்கிள் என்னிடம் மெதுவாகச் சொன்னார், "நம்ம பசங்க காலேஜுக்கு எஸ்ஏடி பரீட்சை எழுதுறாங்க. இவங்க வீட்ல நாய் எழுதுது. வேலை கிடைக்கலன்னா இப்படித்தான் மூளை போகும்."

அதுவரை அந்த வீட்டில் யாரையும் நான் எதிர்த்துப் பேசியதில்லை. "வேலை கிடைக்கலைன்னு யார் சொன்னா? பொய் சொல்ல மாட்டேன்னாங்க. அந்த ரெண்டும் வேற அங்கிள்" என்றேன். அவர் இன்னொரு செருப்பைத் தேடத் தொடங்கினார்.

மார்ச் கடைசியில் குளத்துப் பனி உருகியதும்தான் விபரீதம் தெரிந்தது. மாப்ளை ஒரு தடவை நீந்தியது, அழகாக, கட்டையைக் கவ்விக்கொண்டு வந்தது. ஆன்ட்டியின் காலடியில் போட்டுவிட்டு, அவர் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டது. அடுத்த கட்டையை எறிந்தால் திரும்பியும் பார்க்கவில்லை. மறு ஞாயிறும் அப்படியே. தண்ணீர் குளிர் என்றார் ஒருவர். பிடிவாத ஜாதி என்றார் இன்னொருவர். தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. அதைத் தவறவிட்டால் பதினாறு மாதம் முடிவதற்குள் வேறு தேர்வு இல்லை.

அன்று அந்த வளர்ப்பாளரே பென்சில்வேனியாவிலிருந்து வந்திருந்தார். நெட்டையான, குறைவாகப் பேசும் பெண்மணி. "உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தக் காகிதம் நாய்க்காக எழுதியது" என்றார். அவர் நல்லவர்தான். நல்லவர் சொல்லும்போது சண்டை போடவும் வழியில்லை.

"தெரியும். படித்திருக்கிறேன்" என்றார் ஆன்ட்டி. "ஏன் இரண்டாவது தடவை போக மாட்டேன் என்கிறது? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்."

வளர்ப்பாளர் பார்த்தார். கட்டை பறந்தது, நாய் நீந்தியது, கரையேறி உட்கார்ந்து தலையைக் குனிந்தது. ஆன்ட்டி தோளிலிருந்த ஈரோட்டுத் துண்டை எடுத்து, தலையை, காதுக்குள்ளே, கழுத்து மடிப்பிலே, அழுத்தித் துவட்டினார்.

"அது எதற்கு?"

"தலை ஈரமாக இருந்தால் சளி பிடிக்கும்."

"நாய்க்கா?"

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். போன ஆகஸ்டிலிருந்து நாளுக்கு ஒரு நீச்சல், ஒவ்வொன்றுக்குப் பிறகும் அந்தத் துண்டு. நானே எத்தனை தடவை துண்டை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! எங்கள் இரண்டு பேருக்கும் அதில் யோசிக்க ஒன்றுமே இருந்ததில்லை. தலை நனைந்தால் துவட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"துண்டு வந்தால் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். நீதான் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறாய். மிக நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறாய்" என்றார் வளர்ப்பாளர்.

வேறு யாராக இருந்தாலும் முகம் செத்திருக்கும். ஆன்ட்டி நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "என்ற தப்புதானா? அப்ப சரி பண்ணிரலாம் அம்மிணி!" மாப்ளையிடம் ஒரு கோளாறும் இல்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சிரித்துவிட்டாரே தவிர, துவட்டாமல் இருக்க அவரால் முடியவில்லை. ஏப்ரல் காற்றில் அது நனைந்து நடுங்கி நிற்கும். இவர் கை தானாகத் தோளுக்குப் போகும். கடைசியில் துண்டை என்னிடம் கொடுத்தார்.

"நான் கேட்டாலும் குடுக்காத."

பத்து நிமிடத்தில் கேட்டார்.

"அம்மிணி, காதுல மட்டும் தொடச்சிக்கறேன். குடு."

"மாட்டேன் ஆன்ட்டி."

"காதுக்குள்ள தண்ணி நிக்குதுடி!"

"நிக்கட்டும்."

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்ல."

"அதான் உங்க மாப்ளைகிட்ட வேண்டிய மட்டும் இருக்கே." துண்டைக் கார் டிக்கியில் போட்டுப் பூட்டி, சாவியைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வளர்ப்பாளர் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். நாய் கரையேறுவதற்கு முன்பே கட்டையை வாங்கிவிட வேண்டும், உடனே மறுபடி எறிய வேண்டும். அதற்காக ஆன்ட்டி ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். தண்ணீரில் நின்றபடியே எறிந்தால் மாப்ளை திரும்பிப் போனது. ஒவ்வொரு வாரமும் ஓரடி பின்னால் வந்தார். முழங்கால், கணுக்கால், சேறு. கரையில் நின்று எறிந்து அது இரண்டாவது தடவை போனது, தேர்வுக்கு முந்தின ஞாயிறு, ஒரே ஒரு தடவை. அவருக்குத்தான் சளி பிடித்தது.

தேர்வு நாளில் அங்கிளும் வந்திருந்தார். புதுத் தொப்பி போட்டிருந்தார். காலையில் வயலில் மாப்ளை காடையைக் கண்டு சிலையாக நின்றபோது அவர் கண் கலங்கியது. துப்பாக்கி வெடித்தபோது ஆன்ட்டி உட்காரவில்லை. மாப்ளை தடத்தில் கொஞ்சம் தடுமாறி, பிறகு பிடித்துக்கொண்டது. எல்லாம் மதியத்துக்குள் முடிந்து, குளம் மட்டும் மிச்சம் இருந்தது. நாங்கள் ஒரு கயிற்றுக்குப் பின்னால் நின்றோம். வளர்ப்பாளர் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் தண்ணீரில் இறங்கி நிற்கலாமா?" என்று தலைமை நடுவரிடம் கேட்டார் ஆன்ட்டி.

"கூடாது மேடம். கரையில்தான்."

முதல் கட்டை. போனது, கொண்டுவந்தது, காலடியில் போட்டது. உட்கார்ந்தது. தலையைக் குனிந்தது.

இரண்டாவது கட்டை பறந்து விழுந்த சத்தத்துக்கு மாப்ளை நிமிரவே இல்லை. "போங்க மாப்ளை" என்றார். போகவில்லை. நடுவர்கள் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கட்டை மெல்லத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. "ஏதாவது பண்ணச் சொல்லு" என்று அங்கிள் என் தோளை உலுக்கினார். ஆன்ட்டியின் வலது கை தோள்வரை போய், அங்கே ஒன்றுமில்லாமல், இறங்கியது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். கோத்த விரல்கள் வெளுத்திருந்தது கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்குத் தெரிந்தது.

பிறகு, சேற்றில் அதற்கு எதிரே குந்தி உட்கார்ந்து, வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்.

"எனக்கு இதுக்கு மேல தெரியலீங் மாப்ளை. தெரிஞ்சதெல்லாம் பண்ணிட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க பண்ணுங்க."

மாப்ளை அவர் கையைத் தேடியது. முகத்தைப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை என்று ஆனபோது எழுந்து, மூக்கிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது. ஆன்ட்டியின் தலை, கண்ணாடி, சுடிதார், பக்கத்திலிருந்த நடுவரின் மதிப்பெண் அட்டை, எல்லாம் நனைந்தன. உதறி முடித்த நாய் குளத்தைப் பார்த்தது. தூரத்தில் மிதந்த கட்டையைப் பார்த்தது. இறங்கியது. கால் தரையை விட்டது. நீந்தியது.

அங்கிள் தொப்பியைக் கழற்றி அதாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். வளர்ப்பாளர் கட்டிய கையை அவிழ்த்தார். ஆன்ட்டி சொட்டச் சொட்ட அப்படியே குந்தியிருந்தார், அது கட்டையோடு திரும்பி வரும்வரை.

சாயங்காலம் டிரக்குகளுக்கு நடுவில் எல்லாரையும் நிறுத்தி, தலைமை நடுவர் ஒவ்வொரு நாயின் மதிப்பெண்ணையும் உரக்க வாசித்தார். மாப்ளைக்கு வயலில் நான்கு, தடத்தில் மூன்று, தண்ணீரில் ஒன்று. மூன்றாம் பரிசு. தேர்ச்சிப் படிகளில் கடைசி. தேர்ச்சிதான். வளர்ப்பாளர் வந்து, தன் கோப்பிலிருந்த ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டு, கையெழுத்திட்டு ஆன்ட்டியிடம் நீட்டினார். அவர் அதை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் மடித்தார்.

கிரில்லில் பர்கர் புகைந்துகொண்டிருந்தது. விடியற்காலையிலிருந்து நின்றவர்கள் எல்லாரும் பசியோடு அந்தப் பக்கம் நகரத் தொடங்கியிருந்தார்கள். நடுவரும் ஒரு தட்டைக் கையில் வாங்கிவிட்டார். வழக்கமாகச் சொல்லி முடிப்பதைச் சொன்னார், "யாருக்காவது ஏதாவது கேள்வி இருக்கிறதா?"

ஆன்ட்டி ஈரத் தலையோடு கையைத் தூக்கினார்.

"இருக்கிறது. நான்கு."

நடுவர் அவரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். தட்டை டிரக்கின் மேல் வைத்துவிட்டு, மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.